அறுபத்தேழரை ரூபாய்க்கு மேல்

மிகக் குறைந்த பணத்தில் ஓர் ஆள் ஒரு மாதம் சாப்பிட என்ன செலவாகும் என்ற கணக்கு தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் தொடங்குகிறது. அரிசி அட்டை வைத்திருப்பவருக்கு அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். ஒரே ஒருவர் பெயருள்ள அட்டைக்கு மாதம் 12 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், அரை கிலோ சர்க்கரை கிடைக்கும். எல்லாம் சேர்த்து 67 ரூபாய் 50 காசு. ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒருவேளைச் சாப்பாடு ஏறத்தாழ இந்த விலைக்கு வந்துவிட்டது.

இந்த 67 ரூபாய் 50 காசு எவ்வளவு தூரம் வரும், எங்கே நின்றுவிடும் என்பதைப் பார்க்கத் திருநின்றவூர் பொருத்தமான ஊர். சென்னை சென்ட்ரலிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில், அரக்கோணம் வழி மின்ரயில் பாதையில் இருக்கிறது. 2021-இல் நகராட்சியாக உயர்த்தப்பட்டது. கிழக்கே ஆவடியின் படைக்கலத் தொழிற்சாலைகளும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும், மேற்கே காக்களூரும், தெற்கே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமும் இருக்கின்றன. இந்த மூன்று திக்குகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வாடகை குறைவென்று இங்கே தங்குகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர், கட்டட வேலைக்காரர், கல்லூரி மாணவர், பிள்ளைகள் வேறெங்கோ போய்விட்ட முதியவர் எனத் தனியாகவோ அறையைப் பகிர்ந்தோ வாழ்பவர்கள் நிறைய. இதே மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வடமாநிலத் தொழிலாளரின் எண்ணிக்கை இன்னும் அதிகம்.

முதலில் உடம்பின் கணக்கு. 12 கிலோ அரிசி என்பது நாளொன்றுக்கு 400 கிராம். அதில் ஏறத்தாழ 1,400 கலோரியும் 31 கிராம் புரதமும் உண்டு. ஒரு கிலோ பருப்பை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் 33 கிராம். அது 110 கலோரியும் 7 கிராம் புரதமும் தரும். எண்ணெய் நாளுக்கு 30 கிராம், 270 கலோரி. சர்க்கரையில் 65. ஆக, நாளொன்றுக்கு 1,850 கலோரி, 38 கிராம் புரதம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு 2,110 கலோரி வேண்டும். நடுத்தர உழைப்புக்கு 2,710. மூட்டை தூக்குவது, கல் சுமப்பது போன்ற கடும் உழைப்புக்கு 3,470. பெண்ணுக்கு இவை முறையே 1,660, 2,130, 2,720. புரதம் ஆணுக்கு 54 கிராம், பெண்ணுக்கு 46 கிராம். வீட்டோடு இருக்கும் மூதாட்டிக்கு ரேஷன் பை கலோரிக் கணக்கில் போதும். எந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்கும் இளைஞனுக்கு 860 கலோரி குறையும். சுமை தூக்குபவருக்கு ஏறத்தாழப் பாதிதான் கிடைக்கும். கலோரியை விட்டுவிட்டு மற்றச் சத்துகளைப் பார்த்தால் படம் மோசமாகிறது. சுண்ணாம்புச்சத்து நாளுக்கு ஒரு கிராம் வேண்டிய இடத்தில் 400 கிராம் அரிசி தருவது அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. வைட்டமின் சி சுத்தமாக இல்லை. பி12-உம் இயல்பாக இல்லை. வயிற்றை நிரப்புவது தமிழ்நாட்டில் ஏறத்தாழ இலவசமாகிவிட்டது. தட்டில் சோற்றைத் தவிர மற்றதெல்லாம்தான் செலவு. ஏழைகளின் உணவு பற்றிய பழைய கணக்குகள் பெரும்பாலும் தானியத்தின் விலையைச் சுற்றியே போடப்பட்டவை என்பதால் இந்த மாற்றம் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததில்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லித் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. 1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று அட்டைகளைப் பிரித்தபோது தமிழ்நாடு அந்தப் பிரிவினையை அரிசிக்குக் கொண்டுவராமல் எல்லாருக்குமான விநியோகத்தைத் தொடர்ந்தது. பருப்பும் பாமாயிலும் 2007-இல் சேர்ந்தன. அரிசி விலை 2006-இல் இரண்டு ரூபாயாகவும், 2008-இல் ஒரு ரூபாயாகவும் குறைந்து, 2011 ஜூன் 1 முதல் இல்லாமலே போனது. விலையைக் குறைப்பதில் கட்சிகள் போட்டி போட்ட கதை இது. அந்தப் போட்டியின் பலன் பானைக்கு வந்து சேர்ந்தது.

ஒரு மனிதனுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்ற அளவுகோல் உருவான கதையும் தமிழ் மண்ணோடு தொடர்புடையதுதான். ராபர்ட் மெக்கரிசன் 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பெரிபெரி நோய் பற்றிய சிறு ஆய்வுப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. மெக்கரிசனுக்குப் பின் 1935 முதல் பத்தாண்டு அதை நடத்திய டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு, நடுத்தர உழைப்புள்ள இந்தியருக்கு 2,700 கலோரி என்ற அளவைப் பரிந்துரைத்தார். 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட அந்த அளவையே எடுத்துக்கொண்டது. ஒரு தொழிலாளியின் கூலி மூன்று பேருக்கான உணவு, ஆண்டுக்கு 72 கஜம் துணி, வாடகை, இவற்றுக்கு மேல் எரிபொருள் போன்ற சில்லறைச் செலவுக்கு 20 விழுக்காடு ஆகியவற்றுக்கு எட்ட வேண்டும் என்றது. சென்னையில் ஆலை வைத்திருந்த ரெப்டகாஸ் பிரெட் நிறுவனத்தின் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம், கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்காக இதில் 25 விழுக்காட்டையும் சேர்க்கச் சொன்னது. குன்னூரில் பிறந்த 2,700 இன்றும் 2,710 என்று ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளச் சீட்டில் அந்தக் கணக்கு தென்படுவது அரிது.

கூலிக்கான அளவுகோல் மேலே போக, வறுமைக்கான அளவுகோல் கீழேயே இருந்தது. 1979-இல் திட்டக் குழுவின் பணிக்குழு கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100 கலோரி என்று வைத்து, 1973-74 விலையில் மாதம் 49 ரூபாய், 57 ரூபாய் என வறுமைக்கோடு வரைந்தது. 2011-இல் நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய் போதும் என்ற பொருளில் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தபோது நாடே கொதித்தது. அந்த ஆண்டில் துஷார் வசிஷ்ட், மேத்யூ செரியன் என்ற இரண்டு இளைஞர்கள் பெங்களூரில் நாளுக்கு 100 ரூபாயில் சில வாரமும், கேரளத்தின் கருகச்சாலில் 32 ரூபாயில் சில நாளும் வாழ்ந்து பார்த்து எழுதினார்கள். நாளின் பெரும்பகுதி அடுத்த வேளைச் சாப்பாட்டைத் திட்டமிடுவதிலேயே கழிந்தது என்பதுதான் அவர்கள் சொன்னவற்றில் முக்கியமானது. சி. ரங்கராஜன் குழு 2014-இல் நகரக் கோட்டை நாளுக்கு 47 ரூபாயாக உயர்த்தியது. அதன் மாதத் தொகையான 1,407 ரூபாயில் உணவின் பங்கு 656. அதாவது, 2011-12 விலையில் நாளுக்கு 22 ரூபாய்க்குக் குறைவு. அந்தக் குழு கலோரியோடு நிற்காமல் நகரத்துக்கு 50 கிராம் புரதம், 26 கிராம் கொழுப்பு என்றும் வைத்தது நல்ல முன்னேற்றம்.

இப்படிப் பட்டியல் போட்டுக் குறைந்தபட்சச் செலவைக் காணும் வேலை உலகெங்கும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1899-இல் கணக்கெடுத்த சீபோம் ரவுன்ட்ரீ, ஏழைவிடுதிகளின் உணவுப் பட்டியலைப் பின்பற்றி, புது இறைச்சியே இல்லாத ஓர் உணவு முறையை வறுமைக்கோடாக வைத்தார். அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945-இல் 77 உணவுப் பொருட்களை வைத்துக்கொண்டு, ஓர் ஆணுக்கு ஓராண்டுக்கு 1939-ஆம் ஆண்டு விலையில் 39 டாலர் 93 சென்ட் போதும் என்று கண்டார். கோதுமை மாவு, கெட்டிப்பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, உலர்ந்த அவரை விதை, அவ்வளவுதான். இரண்டு ஆண்டு கழித்து, ஜார்ஜ் டான்ட்சிக்கின் புதிய கணித முறையால் அதே கணக்கைப் போட்டபோது 24 சென்ட்தான் குறைந்தது. அந்த உணவை யாருக்கும் பரிந்துரைக்கவில்லை என்பதை ஸ்டிக்லர் தெளிவாகச் சொல்லியிருந்தார். திருநின்றவூரின் பூசலார் நாயனார் கையில் பொருளில்லாமல் மனத்துக்குள்ளேயே அடித்தளம் முதல் கலசம் வரை கோயில் எழுப்பியதாகப் பெரிய புராணம் சொல்கிறது; காகிதத்தில் எழுதப்படும் குறைந்தபட்ச உணவுப் பட்டியல்களும் அந்த வகைக் கட்டுமானமே, எந்தக் கல்லும் இடம் மாறி நிற்காது, குடியிருக்க மட்டும் முடியாது.

ரேஷன் பைக்கு மேல் ஓர் ஆணுக்குக் குறையும் 16 கிராம் புரதத்தை எங்கே வாங்குவது என்பதுதான் நடைமுறைக் கேள்வி. சில்லறை விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால், கீழே உள்ள விலைகளைக் கணக்குக்கான அனுமானமாகக் கொள்ள வேண்டும். முட்டை 6 ரூபாய் என்றால், நாளுக்கு இரண்டு வீதம் மாதம் 360 ரூபாய். 13 கிராம் புரதம், அதோடு பி12-உம் கிடைக்கும். துவரம்பருப்பையே வெளிக்கடையில் கிலோ 140 ரூபாய்க்கு வாங்கினால் 16 கிராமுக்கு மாதம் ஏறத்தாழ 315 ரூபாய். நிலக்கடலை கிலோ 130 என்று வைத்தால் நாளுக்கு 60 கிராமுக்கு 234 ரூபாய். அது 300 கலோரிக்கு மேலும் தந்துவிடும், அடுப்பு எரிய வேண்டியதுமில்லை. எல்லாவற்றையும்விட மலிவு மீல்மேக்கர். அதில் பாதி எடை புரதம். கிலோ 150 ரூபாய் என்றாலும் நாளுக்கு 30 கிராமுக்கு மாதம் 135 ரூபாய்தான். ஆண்கள் தங்கும் அறைகளில் குழம்பில் கறிக்குப் பதிலாக அது மிதப்பதற்கு இந்தக் கணக்கே காரணம். ருசிக்காக யாரும் அதைத் தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை. பழவேற்காட்டு ஏரி இருக்கும் மாவட்டம் என்பதால் கருவாடும் இங்கே எளிதில் கிடைக்கிறது. நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு தின்பதால் புரதத்தோடு சுண்ணாம்பும் சேரும். உப்பு மிகுதி என்பது மட்டுமே அதன் குறை; இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு அது சின்னக் குறையல்ல.

அரிசியோடு பருப்பைச் சேர்ப்பதில் இன்னொரு லாபம் உண்டு. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்பது ஊட்டச்சத்து நிறுவனத்தார் சொல்லும் விகிதம். ரேஷன் பையிலோ பன்னிரண்டுக்கு ஒன்றுதான் இருக்கிறது. சாம்பார் தண்ணீராக ஓடுவதற்குச் சமைப்பவரின் கஞ்சத்தனம் மட்டும் காரணமில்லை.

கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தானியங்களில் அதற்கு இணையில்லை. காலையில் ஒரு செம்பு கூழ் குடித்துவிட்டுக் கட்டட வேலைக்குப் போகும் பழக்கம் திருவள்ளூர் வட்டாரத்தில் இன்னும் இருக்கிறது. தள்ளுவண்டியில் விற்கும் கூழோடு ஊறுகாயும் மோர் மிளகாயும் கடித்துக்கொள்ளக் கிடைக்கும். கீரைக்கு முருங்கை மரம் போதும். வாடகை வீட்டின் பின்னாலோ வேலியோரத்திலோ நிற்கும் ஒரு மரத்தை நாலைந்து வீடுகள் பறித்துக்கொள்வது வழக்கம். காய்கறிக்குச் சாயங்காலச் சந்தை. விடிகாலையில் கிலோக் கணக்கில் விற்ற தக்காளியும் கத்திரியும் இரவு ஏழு மணிக்கு மேல் கூறு கட்டப்படும். ஒரு கூறு பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் போகும், பாதி வாடியிருக்கும். ரயிலில் இருந்து இறங்கும் கூட்டத்துக்காகவே கடை விரிக்கப்படுகிறது என்பதால் தாமதமாக வேலை முடிந்து வருபவருக்கு இது ஒரு சலுகை.

அரிசியைச் சமைக்கும் முறையாலும் சத்து கூடும், குறையும். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் என்ற பி1 வைட்டமினின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது; பிறகு தீட்டினாலும் அது முழுதும் போவதில்லை. பச்சரிசி தின்ற ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி பரவியிருந்ததற்கும், புழுங்கலரிசி தின்ற தமிழ்ப் பகுதிகளில் அது அரிதாக இருந்ததற்கும் காரணம் இதுவே என்பது குன்னூர் ஆய்வுகளில் தெளிவானது. ஆகவே ரேஷனில் இரண்டும் இருந்தால் புழுங்கலே நல்லது. நாலைந்து தண்ணீர் விட்டுக் கழுவுவதும், சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டுவதும் பி வைட்டமின்களைச் சாக்கடைக்கு அனுப்பும். கஞ்சியைக் குடிப்பது வறுமையின் அடையாளமாகப் பார்க்கப்பட்டாலும் சத்தின் கணக்கில் அதுவே சரி. பழைய சோற்றைப் பற்றி இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ஓர் இரவு ஊறினால் சோற்றிலுள்ள இரும்புச்சத்து இருபது மடங்குக்கு மேல் கூடிவிடும் என்று அச்சிலும் கைபேசியிலும் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரும்பு ஒரு தனிமம். எந்த நுண்ணுயிரும் அதை உண்டாக்க முடியாது. நொதிப்பு, இருக்கும் இரும்பை உடல் ஏற்றுக்கொள்ள உதவக்கூடும், அவ்வளவே. பழையதின் உண்மையான சிறப்பு வேறு: காலையில் அடுப்பு மூட்டாமல், மீந்த சோறு வீணாகாமல், உப்பும் நீருமாக வெயிலுக்குத் தாங்கும் ஒரு வேளை உணவு.

இதுவரை சொன்ன கணக்கெல்லாம் கையில் அட்டை இருப்பவருக்கு. விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து அறையெடுத்துத் தங்கும் இளைஞனின் பெயர் பெற்றோரின் அட்டையில் இருக்கும். அரிசியை ஊரில் வீட்டார் வாங்கிக்கொள்வார்கள். மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்ற வசதி 2020 அக்டோபர் முதல் இருந்தாலும், ஒரே அட்டையை இரண்டு அடுப்புக்குப் பிரிக்க முடியாது. அதனால்தான் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் போய்த் திரும்புபவரின் தோளில் ஓர் அரிசிப் பை. சர்க்கரை அட்டை வைத்திருப்பவருக்கு அரிசியே கிடையாது. ஒடிசா, பீகார் தொழிலாளருக்கு ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேர வேண்டிய தானியம் இங்கேயும் கிடைக்கும். தமிழ்நாட்டு அரசு தன் செலவில் தரும் பருப்பும் பாமாயிலும் அந்தத் திட்டத்தில் வராது. கும்மிடிப்பூண்டியில் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கும் அவர்கள் முறை வைத்துச் சமைக்கிறார்கள். எண்ணெய், மசாலா, எரிவாயு எல்லாம் ஐந்தாறாகப் பிரிவதால் தலைக்கு ஆகும் செலவு தனியாளின் செலவைவிட வெகுவாகக் குறைகிறது. தனியாகச் சமைப்பதுதான் மிக விலை உயர்ந்த சமையல்.

அடுப்பும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. 2025 ஏப்ரலில் சென்னையில் வீட்டு உபயோக எரிவாயு உருளை 868 ரூபாய் 50 காசு. தனியாளுக்கு ஓர் உருளை மூன்று மாதம் வந்தாலும் மாதம் 290 ரூபாய். ரேஷன் பையின் விலையைப் போல நான்கு மடங்கு. இலவச அரிசியை வேகவைக்க ஆகும் செலவு அரிசியோடு வாங்கும் பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்பதால் மின்னடுப்பிலும் மின்சாரக் குக்கரிலும் சமைத்தால் இது குறைய வேண்டும். ஆனால், வாடகைக்கு இருப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர் சொல்லும் விலையில் முதல் யூனிட்டிலிருந்தே பணம் கட்டுகிறார். இலவசத்தின் பயன் வீட்டுக்காரர் கணக்கில் போய்விடுகிறது.

மளிகை வாங்கும் விதத்திலும் பணம் கசிகிறது. கையில் அன்றாடக் கூலி மட்டும் உள்ளவர் மிளகாய்த் தூளை ஐந்து ரூபாய்ப் பொட்டலமாகவும், எண்ணெயைப் பத்து ரூபாய்க்குமாக வாங்குகிறார். கிலோ விலையில் கணக்கிட்டால் மொத்தமாக வாங்குபவரைவிட அவர்தான் அதிகம் கொடுக்கிறார். ஏழைகளே அதிக விலை கொடுக்கிறார்கள் என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் கப்லோவிட்ஸ் 1963-இல் நியூயார்க்கில் காட்டினார். அண்ணாச்சி கடையில் அதை விளக்கப் புத்தகம் தேவையில்லை. அதே அண்ணாச்சி கடை நோட்டில் எழுதிக்கொண்டு கடனுக்கும் கொடுக்கும். மாதத்தின் கடைசி வாரம் அந்த நோட்டின் மேல்தான் ஓடுகிறது. பெரிய பேரங்காடி கிலோவுக்கு இருபது ரூபாய் குறைத்துக் கொடுக்கலாம், கடன் கொடுக்காது. மலிவு எங்கே என்று மட்டும் பார்த்து அறிவுரை சொல்பவர்கள் இந்த இடத்தில் தவறுகிறார்கள்.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 2022-23-இல் எடுத்த வீட்டுச் செலவு விவரத்தின்படி, இந்திய நகரக் குடும்பங்களின் மொத்தச் செலவில் தானியத்தின் பங்கு 3.64 விழுக்காடு, பானங்கள், பலகாரம், பதப்படுத்திய உணவு ஆகியவற்றின் பங்கு 10.64. திருநின்றவூர் ரயில் நிலையத்தின் வெளியே இது கண்ணால் காணக்கூடிய விஷயம். ஒரு டீ 12 ரூபாய் என்றால், நாளுக்கு மூன்று டீ மாதத்தில் 1,080 ரூபாய். முட்டை, மீல்மேக்கர், ரேஷன் மூன்றும் சேர்ந்தாலும் அதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இதைக் கண்டிப்பது சுலபம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் அமர்ந்து பேச அனுமதி உள்ள ஒரே இடைவெளி டீக்கடை என்பதையும், வடையும் டீயும் பசியை உடனே அடக்கிவிடும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதால் நேரத்தை மட்டும் தள்ளி வைப்பது நல்லது.

வெளியே சாப்பிடுபவருக்கு இரண்டு பெரிய உதவிகள் உண்டு. ஒன்று தொழிற்சாலைக் கேன்டீன். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் கட்டாயம் என்றது. கேன்டீன் நடத்தும் சில செலவுகளை உணவின் விலையில் ஏற்றாமல் முதலாளியே ஏற்க வேண்டும் என்பதற்கும் அதில் வழி வைத்தது. 2020-இன் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 ஆகக் குறைத்தது. ஷிப்டில் கிடைக்கும் ஒரு வேளைச் சாப்பாடு முன்பு சொன்ன 860 கலோரிக் குறையை அப்படியே அடைத்துவிடும். எந்த ஆலையில் சம்பளம் அதிகம் என்பதோடு எந்த ஆலையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதும் வேலை மாறுபவர்களின் பேச்சில் அடிபடுவது அதனால்தான். இருபது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இதெல்லாம் பொருந்தாது.

மற்றொன்று அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில் சாந்தோமில் தொடங்கி, சென்னை முழுதும் பரவி, பிற மாநகராட்சிகளுக்கும் பல நகராட்சிகளுக்கும் போனது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. நான்கு இட்லியும் இரண்டு சாதமும் 12 ரூபாய், ஒரு டீயின் விலை. ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகும் கூலித் தொழிலாளிக்கு இதைவிட மலிவான பகல் சாப்பாடு வேறெங்கும் இல்லை. காயும் முட்டையும் இல்லாதது அதன் குறை. அரிசியே இலவசமான மாநிலத்தில் இன்னொரு முறை அரிசிதான் தட்டில் விழுகிறது.

முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. நாளுக்கு 40 ரூபாய். அரிசி அட்டையுள்ள மூதாட்டி ரேஷனுக்கு 67.50, நாளுக்கொரு முட்டைக்கு 180, ஆவின் நீல நிறப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய் வீதம் ஒன்றுவிட்டு ஒரு நாள் வாங்கினால் 300, எரிவாயுவுக்கு 200 என்று வைத்தால் 750 ரூபாய் வரும். புரதம் 46 கிராமைத் தாண்டிவிடும். மீதி 450 ரூபாயில் காய், புளி, மிளகாய், சோப்பு, மருந்து. வாடகை இல்லாதிருந்தால் மட்டும் இது நடக்கும். ஒரு மாதம் சர்க்கரை நோய் மாத்திரையை வெளிக்கடையில் வாங்க நேர்ந்தால் முதலில் நிற்பது பால், அடுத்து முட்டை. கடைக்கு நடக்க முடியாதவர்களுக்காக, 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவருகிறது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் பளு வேறுவிதமாக இறங்குகிறது. 1982-இல் விரிந்த சத்துணவும், பின்னர் அதில் சேர்ந்த முட்டையும் பகல் உணவை வீட்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டன. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இன்னொரு வேளையை எடுத்தது. ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அது விரிவானது திருவள்ளூர் மாவட்டத்தின் கீழச்சேரியில், 2024 ஜூலை 15 அன்று. இந்தப் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு வேலை நாட்களில் வீடு பொறுப்பேற்க வேண்டியது இரவுச் சாப்பாடு மட்டும். கோடை விடுமுறையில் மளிகைக் கடன் ஏறுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பின் உடம்பில் என்ன தெரிகிறது? 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் மெலிந்தவர்கள் 12.6 விழுக்காடு, எடை மிகுந்தவர்கள் 40.4 விழுக்காடு, இரத்தசோகை உள்ளவர்கள் 53.4 விழுக்காடு. பட்டினி பின்வாங்கிய இடத்தில் சோறும் எண்ணெயும் சர்க்கரையும் நிறைந்து, இரும்பும் புரதமும் எட்டாமல் நிற்கின்றன. ரேஷன் பையின் கணக்கும் இதையே சொன்னது. இதற்கான மறுமொழியாக இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய அரிசி 2023-இல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் பரவலானது. நூறு அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில், சத்து கலந்த மாவில் வார்த்த அரிசிமணிகளைக் கலக்கிறார்கள். கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு என்பது விதிமுறை. நாளுக்கு 400 கிராம் தின்பவருக்கு 11 மில்லிகிராமாவது சேர வேண்டும், ஒரு பெண்ணுக்கு வேண்டிய 29-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தனியாகச் செலவில்லாமல் கிடைக்கும் இரும்பு இது. அந்த மணிகள் நிறத்தில் சற்று வேறுபட்டு, கழுவும்போது மிதக்கவும் செய்வதால் பிளாஸ்டிக் அரிசி என்ற வதந்தி கிளம்பியது. பல வீடுகளில் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் உலை வைக்கிறார்கள்.